கிராங்க் கனத்தால் கேபிளைத் திறந்து பாருங்கள்: கடற்கரை சைட்டில் காமா கேமராவின் கேபிள் கோளாறுகள்

“அண்ணே, கிராங்க் நேத்தைவிட இறுக்கமா இருக்குண்ணே.”

ராமநாதபுரம் வழுதூர்ப் பக்கம் எரிவாயுக் குழாய் ஜாயிண்டுகளைக் காமா கதிரால் படமெடுக்கும் ராத்திரி ஷூட்டிங் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆடி மாதம். என்னோடு பயிற்சிக்கு இருந்த தம்பிதான் இப்படிச் சொன்னார். கேமராவுக்குள் இருக்கும் கதிர்வீச்சு மூலத்தை, அதாவது சோர்ஸை, கேபிளால் வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் கைச்சுற்றிதான் கிராங்க். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. “மூணு ஜாயிண்ட்தான்ப்பா பாக்கி, முடிச்சிட்டுப் பாப்போம்” என்றேன். முடித்தோம். சோர்ஸ் மூன்று முறையும் ஒழுங்காக உள்ளே வந்தது. விடிந்த பிறகு கேபிளை வெளியே எடுத்து, கனெக்டருக்குப் பின்னால் கட்டைவிரல் அகலம் தள்ளிப் பிடித்து மெல்ல வளைத்தேன். செம்மண் மாதிரித் தூள் உதிர்ந்தது. கூடவே இரண்டு இழை அறுந்து, முடி மாதிரி எழுந்து நின்றன.

அந்த மூன்று ஷாட்டை நான் எடுத்திருக்கக் கூடாது. கேபிள் ஒரு நாளில் அறுவதில்லை. பல நாளாகக் கையில் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் அன்று ராத்திரியே நிறுத்தியிருப்பேன். அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். சான்றிதழ் பெற்ற ரேடியோகிராஃபர்களுக்கும் அவர்கள் பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர்களுக்கும் உரியது இது. கேமராவுக்குக் கேமரா அமைப்பு மாறும். உங்கள் கருவியின் கையேடு ஒன்று சொல்லி நான் வேறு சொன்னால், கையேட்டின்படி செய்யுங்கள்.

நம் கரையில் கேபிள் ஏன் சீக்கிரம் கெடுகிறது

ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. ஆடியில் கச்சான் உப்பைக் கொண்டுவரும், கார்த்திகையில் வாடை கொண்டுவரும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், இங்கே இரும்பு படும் பாட்டைப் புரிந்துகொள்ளலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் போட்டார்கள், பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்தார்கள். நம் டிரைவ் கேபிளைக் காப்பாற்ற ஒரு மெல்லிய கிரீஸ் படலம் மட்டும்தான் இருக்கிறது.

டிரைவ் கேபிள் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி வழவழப்பாக இருக்காது. நடுவில் ஒரு வடம், அதன் மேல் இன்னொரு கம்பியைத் திருகாணியின் மரை போல இடைவெளி விட்டுச் சுற்றியிருப்பார்கள். அந்த மரைப் பள்ளத்தில்தான் கிராங்குக்குள் இருக்கும் பற்சக்கரம் கவ்வுகிறது. உப்பும் பொடிமணலும் போய் உட்காருவதும் அதே பள்ளத்தில்தான். மணலோடு கிரீஸ் சேர்ந்தால், வால்வு தேய்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு ஷாட்டிலும் கேபிள் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும்.

முழுப் பராமரிப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான வழக்கம். கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் வேலை என்றால் நான் மாதம் ஒரு முறை திறக்கிறேன். வலிநோக்கம் உப்பளப் பக்கமோ தனுஷ்கோடிப் பக்கமோ என்றால் 15 நாளுக்கு ஒரு முறை. கைப்பார்வைச் சோதனை தினமும், முதல் ஷாட்டுக்கு முன்னால்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி: சோர்ஸ் எங்கே?

கேபிளில் கை வைப்பதற்கு முன் இதற்குப் பதில், கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரிலிருந்து வர வேண்டும். பூட்டின் நிறம் மாறியது, கிராங்க் நின்றது, தள்ளிய நீளத்தைக் காட்டும் ஓடோமீட்டர் பூஜ்யம் காட்டியது எல்லாம் துணைச் சாட்சிகள்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 50 கியூரி இரிடியம்-192 திறந்த நிலையில் இருந்தால், ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 240 மில்லிசீவர்ட். நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்டது 20 மில்லிசீவர்ட். அதாவது ஒரு மீட்டர் தள்ளி ஐந்து நிமிடம் நின்றால் ஓராண்டுக் கணக்கு முடிந்தது. கேமராவிலிருந்து சோர்ஸ் வெளியே ஓடும் குழாயான கைடு ட்யூபைக் கையில் பிடித்தால், 10 சென்டிமீட்டரில் அது நூறு மடங்கு.

மீட்டரின் பேட்டரியை முதலில் பாருங்கள். கேமராவுக்கு அருகில் அது சிறிதாவது ஏற வேண்டும். சோர்ஸ் உள்ளே இருந்தாலும் கேமராவின் மேற்பரப்பில் கொஞ்சம் அளவு இருந்தே தீரும். கேமராவைத் தொட்டுக்கொண்டு மீட்டர் பூஜ்யம் காட்டினால், மீட்டர் செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். கேமராவைச் சுற்றி, பிறகு கைடு ட்யூபின் முழு நீளம், கடைசியில், கதிரை ஒரு திசைக்குக் குறுக்கும் கொலிமேட்டர். இந்த வரிசையில் அளந்து, பூட்டி, சாவியை எடுத்த பிறகே கீழே உள்ள எதையும் செய்யுங்கள்.

அறிகுறி: கிராங்க் கனமாகச் சுற்றுகிறது

இங்கே அதிகம் வருகிற புகார் இதுதான். அதனால் நின்று பார்ப்போம். கனம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எப்போது கனக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

கிராங்கிலிருந்து இரண்டு உறைக்குழாய்கள் போகின்றன. ஒன்று கேமராவுக்குப் போவது. மற்றது, சோர்ஸ் உள்ளே இருக்கும்போது மிச்சக் கேபிள் படுத்திருப்பது. வெளியே தள்ளும்போது மிச்சக் குழாய் காலியாகிக்கொண்டே வரும், கைடு ட்யூப் நிறைந்துகொண்டே போகும். திரும்ப இழுக்கும்போது நேர் எதிர்.

வெளியே தள்ளத் தள்ளக் கனம் கூடினால் சந்தேகம் கைடு ட்யூப் மேல். அதில் மணலோ கூர்மையான வளைவோ இருக்கிறது. உள்ளே இழுக்க இழுக்கக் கனம் கூடினால் மிச்சக் குழாய். அதன் கடைசி மூடி தொலைந்து, திறந்த வாய் மணலில் கிடந்திருக்கும். பத்தில் எட்டு முறை இந்தக் கரையில் நான் பார்த்தது அதைத்தான். போகும்போதும் வரும்போதும் ஒரே சீரான கனம் என்றால் கேமராவுக்குப் போகும் உறைக்குழாயில் நசுங்கல் இருக்கிறது. அல்லது கேபிள் முழுக்கக் காய்ந்து துருவேறியிருக்கிறது.

உறுதி செய்ய, சோர்ஸைக் கேமராவில் பூட்டி, அளந்து, கிராங்க் செட்டைத் தனியாகக் கழற்றுங்கள். சுத்தமான தார்ப்பாயில் குழாய்களை நேராக விரித்துப் போட்டுச் சுற்றுங்கள். அப்போது லேசாகச் சுற்றினால் கேபிள் நல்லபடி இருக்கிறது, நீங்கள் போட்டிருந்த வளைவுதான் கெட்டது. அகலமாக வளைத்து மறுபடி போடுங்கள். உறைக்குழாய்க்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் ஆரத்துக்கும், கைடு ட்யூபுக்கு 50 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்காதீர்கள் என்று பரவலாகப் புழங்கும் கருவிகளின் கையேடு சொல்கிறது. சீமைக் கருவேலங்காட்டுக்குள் குழாய் பதித்த பள்ளத்தில் இந்த இடம் கிடைப்பது கஷ்டம்தான். மரத்தை வெட்டவோ, கேமராவை வேறு பக்கம் வைக்கவோ சைட் இன்ஜினியரிடம் கேளுங்கள். கேபிளை இடத்துக்கு ஏற்ப ஒடித்து வளைக்காதீர்கள்.

தனியாகச் சுற்றியபோதும் கனமா? வேலை நின்றது. அந்தச் செட்டைத் திறக்க வேண்டும்.

கனக்கிற கிராங்கில் பலம் காட்டுவது மட்டும் கூடவே கூடாது. நன்றாக உடற்பயிற்சி செய்த ஒரு பையன் இரண்டு கையாலும் சுற்றி ஷாட் எடுத்ததை ஒரு சைட்டில் பார்த்திருக்கிறேன். அவர் சோர்ஸை வெளியே தள்ளிவிட்டார். ஆனால் தள்ளுவதைவிட இழுப்பதுதான் கேபிளுக்குப் பெரிய சோதனை. உள்ளே இழுக்கும் பலம் முழுவதும் கனெக்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு அங்குலத்தில்தான் விழுகிறது.

அறிகுறி: சுற்றும்போது ஓரிடத்தில் தட்டுகிறது

எத்தனையாவது சுற்றில் தட்டுகிறது என்று எண்ணுங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு என்றால் கிராங்குக்குள் இருக்கிறது கோளாறு. பற்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும், அல்லது பல்லுக்கு நடுவே மணல் இறுகியிருக்கும்.

ஒவ்வொரு ஷாட்டிலும் அதே சுற்றில் ஒரே ஒரு தட்டு என்றால் இரண்டு சாத்தியம். கேபிளில் ஒரு மடிப்பு விழுந்து, அது பற்சக்கரத்தைக் கடக்கும்போது தட்டலாம். இல்லையென்றால் சோர்ஸ் கைடு ட்யூபில் நசுங்கிய ஓர் இடத்தைத் தாண்டும்போது தட்டலாம். பிரித்தறிய, கிராங்க் செட்டைத் தனியாகச் சுற்றுங்கள். அதே எண்ணிக்கையில் மறுபடியும் தட்டினால் கேபிள் மடிப்பு. தட்டவில்லை என்றால் கைடு ட்யூப்.

மடிப்பு விழுந்த கேபிளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிமிர்த்திய இடத்தில் இழைகள் ஏற்கெனவே களைத்திருக்கும், அடுத்து அங்கேதான் அறும். மாற்றிவிடுங்கள். கைடு ட்யூபில் நசுங்கல் இருந்தால் அதற்கும் அதே பதில்தான். குழாய் மேல் பைப் விழுந்தது, டிராக்டர் டயர் ஏறியது என்று யாராவது சொன்னால் வெளியே தெரிகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம், அன்றே ஒதுக்கிவைத்து சோதியுங்கள்.

அறிகுறி: கிராங்க் திடீரென்று லேசாகிவிட்டது

கனத்தைவிட இதற்கு நான் அதிகம் பயப்படுவேன். கனத்துக்கு எல்லாரும் நிறுத்துவார்கள். லேசானால் “ஆஹா, சரியாயிருச்சு” என்று சந்தோஷப்படுவார்கள்.

பற்சக்கரம் தேய்ந்தோ, கேபிளை அதன் மேல் அழுத்திப் பிடிக்கும் பட்டை தேய்ந்தோ, மரையைக் கவ்வாமல் வழுக்கலாம். கேபிளின் மரை ஒரு பக்கம் தட்டையாகித் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். கேபிளே அறுந்திருக்கலாம். சோர்ஸ் கழன்று, வெறும் கேபிள் மட்டும் போய்வரலாம்.

இதற்குத்தான் சுற்று எண்ணிக்கை வேண்டும். நல்ல கேபிளோடு, ஒரு கைடு ட்யூப், இரண்டு கைடு ட்யூப், மூன்று கைடு ட்யூப் போட்டால் முழுவதும் வெளியே போக எத்தனை சுற்று என்று எண்ணி, கிராங்கின் பக்கவாட்டில் பெயின்ட் பேனாவால் எழுதிவையுங்கள். ஷாட் எடுக்கும்போது உதவியாளர் வாய்விட்டு எண்ணட்டும். வெளியே போன சுற்றும் உள்ளே வந்த சுற்றும் சமமாக இருக்க வேண்டும்.

உள்ளே வந்தது குறைவு, கிராங்க் இறுகி நின்றுவிட்டது என்றால் சோர்ஸ் வழியில் சிக்கியிருக்கிறது. உள்ளே வந்தது அதிகம், நிற்காமல் சுற்றுகிறது என்றால் பற்சக்கரம் வழுக்குகிறது. சமம்தான், கிராங்க் லேசு, ஆனால் சர்வே மீட்டர் கைடு ட்யூப் பக்கம் ஏறுகிறது, பூட்டும் விழவில்லை என்றால் சோர்ஸ் கேபிளிலிருந்து பிரிந்து வெளியே கிடக்கிறது.

சோர்ஸ் திரும்பவில்லை என்றால்

இங்கிருந்து இது பராமரிப்பு வேலை இல்லை, அவசரநிலை. கிராங்கை விட்டுக் கேமரா பக்கம் நடக்காதீர்கள். மென்மையாக முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை சுற்றிப் பாருங்கள், அவ்வளவுதான். கயிற்று எல்லையை விரிவாக்கி, மீட்டரால் அளந்து, ஆட்களை வெளியே நிறுத்துங்கள். பனங்காட்டுப் பாதையில் விடியற்காலை ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும், வலைக்குப் போகிறவர்களுக்கும் நம் சிவப்பு விளக்கின் பொருள் தெரியாது. ஒவ்வொரு திசைக்கும் ஓர் ஆளை நிறுத்துங்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்.எஸ்.ஓ.வுக்குப் போன் செய்யுங்கள். மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அவர் வழியாகத் தகவல் போக வேண்டும். நீளக் கைப்பிடி இடுக்கி, ஈயக் குண்டுப் பைகள், அவசரக் கொள்கலன் ஆகியவற்றோடு பயிற்சி பெற்றவர்களே மீட்க வேண்டும்.

மறைத்துவிட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும். கான்ட்ராக்டருக்குக் கெட்ட பெயர், பில் நிற்கும், இரவு வேலை போய்விடும். 1984இல் மொராக்கோவின் முகமதியா நகரில் ஓர் இரிடியம் சோர்ஸ் கேபிளிலிருந்து கழன்று, கொள்கலனுக்குத் திரும்பாமல் தரையில் விழுந்தது. வழியில் போனவர் சின்ன உலோகத் துண்டு என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். எட்டுப் பேர் இறந்தார்கள். முதலில் ஏதோ விஷம் என்றுதான் நினைத்தார்கள். 1999இல் பெருவின் யனாங்கோவில் ஒரு வெல்டர் கீழே கிடந்த இரிடியம் சோர்ஸைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு காலை இழந்தார். இரண்டு இடத்திலும் அந்தத் துண்டு பார்ப்பதற்கு ஆபத்தாகத் தெரியவில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளை கையில் கிடைத்தாலும் தெரியாது.

அறிகுறி: கனெக்டர் ஆடுகிறது, அல்லது சுலபமாகக் கழல்கிறது

டிரைவ் கேபிளின் முனையில் பந்து. சோர்ஸின் வாலில், அதாவது பிக்டெயிலில், அந்தப் பந்து நுழையும் கூடு. கூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த பின். கட்டைவிரல் நகத்தால் பின்னை அழுத்தி, பந்தை நுழைத்து விட்டால் பின் முழுதாகத் திரும்ப வர வேண்டும். பாதியில் நின்றால் உப்பு கட்டியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. பிக்டெயில் பக்கக் கோளாறை நாம் சரிசெய்ய முடியாது. கேமரா அப்படியே பூட்டி, சோர்ஸ் கொடுத்த நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

பந்துப் பக்கத்துக்கு, தேய்மானத்தைச் சோதிக்கும் நோ-கோ கேஜ் இருக்கிறது. கேமரா செய்தவர் கொடுத்த கேஜை மட்டும் பயன்படுத்துங்கள். பந்தோ கழுத்தோ கேஜின் நுழையக் கூடாத பக்கம் நுழைந்தால் கேபிள் முடிந்தது. “லேசாத்தான் நுழையுது” என்று ஒன்று கிடையாது. தேய்ந்த பந்து நேராக இழுக்கும்போது கழலாமல் இருக்கும். கைடு ட்யூபின் வளைவில் திரும்பும்போது கழலும்.

இணைத்த பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள், பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு முறையாவது எதிர்ச்சோதனை செய்யுங்கள். சோர்ஸ் பூட்டிய நிலையில், கனெக்டரை இணைக்காமலே கிராங்கின் இணைப்பு வளையமான காலரைக் கேமராவில் மாட்ட முயலுங்கள். அந்தத் தடுப்பு வசதி உள்ள கருவிகளில் மாட்ட வரக் கூடாது. மாட்டிக்கொண்டால், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒருவர் இணைக்காமலே ஷாட் எடுத்துவிட முடியும் என்று பொருள். அந்தச் செட் வேலைக்கு உதவாது.

கனெக்டருக்குப் பின்னால் உள்ள ஒரு சாண் நீளத்தைத் தினமும் பார்க்கச் சொல்வேன். கண்ணைவிட விரலை நம்புங்கள். கையுறையைக் கழற்றி, கட்டைவிரல் நகத்தை மரையின் குறுக்கே மெல்ல ஓட்டினால் நல்ல கேபிளில் நகம் சீராக ‘டிர்ர்’ என்று ஓடும். துரு தின்ற இடத்தில் சத்தம் மங்கி, சொரசொரப்பாக வழுக்கும். அப்புறம் கனெக்டரை ஒரு கையிலும் சற்றுத் தள்ளிக் கேபிளை இன்னொரு கையிலும் பிடித்து மெல்ல வளையுங்கள். வில் மாதிரி ஒரே சீராக வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் முனையாக வளைந்தாலோ, வளைத்த பிறகு நிமிராமல் நின்றாலோ, ‘கருக்’கென்று கேட்டாலோ அதை மாற்றுங்கள். ஆரம்பத்தில் சொன்ன ஆடி மாதக் கேபிளின் அந்த ஒரு சாணை நான் எறியவில்லை. புதிதாக வரும் தம்பிகள் கையில் முதலில் நல்ல கேபிளையும் அப்புறம் அதையும் கொடுத்து வளைக்கச் சொல்வேன். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத வித்தியாசம் அது.

அறிகுறி: துடைத்த துணியில் நிறம்

வெள்ளைத் துணியால் கேபிளைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கிரீஸ் அழுக்கு சாதாரணம். பழுப்பும் செம்மையும் துரு. மேல்துரு துடைத்ததும் போய், அடியில் எஃகு பளபளத்தால் சுத்தம் செய்து தொடரலாம். பள்ளம் பள்ளமாக அரித்திருந்தால் மாற்ற வேண்டும்.

கறுப்புத் தூள் வந்தால் மட்டும் நிதானமாகுங்கள். பல கேமராக்களில் சோர்ஸ் இருக்கும் எஸ் வடிவக் குழாயைச் சுற்றி, கவசமாகச் செறிவிழந்த யுரேனியம் இருக்கிறது. குழாய் தேய்ந்து ஓட்டையானால் அந்தத் தூள் கேபிள் முனையோடு வெளியே வரலாம். பெரும்பாலும் அது வெறும் இரும்புத் தேய்மானமாகத்தான் இருக்கும். அதை முடிவு செய்வது நம் கண் இல்லை. துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கையைக் கழுவி, ஆர்.எஸ்.ஓ.விடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கேமராவை எடுக்காதீர்கள்.

அறிகுறி: உறைக்குழாயில் கீறல், பொத்தல், டேப் சுற்றியது

டேப் சுற்றிய குழாயைக் கண்டால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். வெல்டிங் பொறி பட்டு உருகிய பொத்தல், கருவேல முள் குத்தியது, வண்டிக் கதவில் நசுங்கியது என எல்லாவற்றையும் டேப் மறைக்கும். தண்ணீரை மட்டும் மறைக்காது, உள்ளேயே வைத்திருக்கும். மேலுறை மட்டும் கீறியிருந்தால் தயாரிப்பாளர் சொன்ன முறையில் சரிசெய்யலாம். உள்ளே உலோகச் சுருள் தெரிந்தால் மாற்றுங்கள்.

திறந்து சுத்தம் செய்வது

சோர்ஸ் கேமராவில், கேமரா சேமிப்புக் குழியான பிட்டில், பிட் பூட்டியிருக்க வேண்டும். கிராங்க் செட் மட்டும் வெளியே வரட்டும். காற்றுக்கு மறைவான இடமாகப் பாருங்கள். நான் எங்கள் அறையின் கிழக்குச் சுவர் ஓரம் பெஞ்சு போட்டுக்கொள்வேன். வாடை மாதத்தில் மேற்குச் சுவர்.

மிச்சக் குழாயின் முனையில் கேபிள் நிறுத்தி இருக்கும். கேபிள் பற்சக்கரத்தைத் தாண்டி ஓடிவிடாமல் பிடிப்பது அதுதான். அதைக் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைக் கண்ணெதிரே வையுங்கள். பிறகு கேபிளை முன்பக்கமாகச் சுற்றி வெளியே எடுத்து, பெரிய வட்டமாகச் சுருட்டுங்கள். இருவர் இருந்தால் நல்லது. சுருள் கையிலிருந்து துள்ளினால் மணலில்தான் போய் விழும்.

பெயின்ட் கடை மினரல் டர்பன்டைனில் கேபிளை ஊறவைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் மரை வழியாகத் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், நெருப்பு. தண்ணீரில் அலசுகிற பழக்கத்தையும் விடுங்கள், நம் போர்த்தண்ணீரே உப்பு. உறைக்குழாய்க்குள் டர்பன்டைனை ஊற்றி அலசி, காற்றடித்து வெளியேற்றுங்கள். வெளியே வருவது தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சைட் கம்ப்ரசரைப் பயன்படுத்தினால் முதலில் அதன் டேங்க் வடிகாலைத் திறந்து தண்ணீரை விடுங்கள். இந்த ஈரக்காற்றில் அரை நாளில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்திருக்கும், அது அப்படியே குழாய்க்குள் போகும். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடியுங்கள்.

கேபிள் முழுவதும் காய்ந்த பிறகு மேலே சொன்ன நகச் சோதனையும் வளைவுச் சோதனையும் முழு நீளத்துக்கும் செய்யுங்கள். அப்புறம் கிரீஸ். சில கேமராக்களின் கையேட்டில் எம்.ஐ.எல்-ஜி-23827 என்ற தரக் குறியீடு இருக்கும். அது விமானக் கருவிகளுக்கான மெல்லிய கிரீஸ், பேரிங் கிரீஸ் அதற்கு மாற்று ஆகாது. ஒரு துணியில் கொஞ்சம் எடுத்து, துணி வழியாகக் கேபிளை இழுங்கள். கேபிள் மின்ன வேண்டும், ஒட்டக் கூடாது. விரலால் தொட்டால் விரலில் கட்டியாக வந்தால் அதிகம். இந்தக் கரையில் கிரீஸ் குறைந்ததால் கெட்ட கேபிளைவிட, அதிகமாகி மணலைப் பிடித்துக் கெட்டதுதான் நான் அதிகம் கண்டது. கைடு ட்யூபுக்கும் கேமராவின் எஸ் குழாய்க்கும் கிரீஸ் கிடையாது. கதிர்வீச்சு பட்டுப் பட்டு அது அங்கே பிசின் மாதிரி இறுகிவிடும்.

கிராங்கைத் திறந்து பற்சக்கரத்தைத் துடைத்து, பற்கள் கத்தி முனை மாதிரி கூர்மையாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அழுத்தும் பட்டையில் ஆழமான தடம் விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

மறுபடி பூட்டும்போது அந்த டப்பா. கேபிள் நிறுத்தியை மாட்ட மறந்தால் அடுத்த ஷாட்டில் கேபிள் பற்சக்கரத்தை விட்டே ஓடிவிடும், சோர்ஸ் வெளியே நிற்கும், இழுக்க எதுவும் இருக்காது. மாட்டிவிட்டு, கேமரா இல்லாமலே கிராங்கை வெளிப்பக்கம் கடைசி வரை சுற்றி, நிறுத்தி பிடிக்கிறதா என்று பாருங்கள். கிராங்கில் எழுதிய அம்புக்குறி திசையில்தான் கேபிள் போகிறதா என்பதையும் பாருங்கள். போலி சோர்ஸ் இருந்தால் அதை வைத்து ஐந்தாறு முறை ஓட்டி, சுற்று எண்ணிக்கையை மறுபடி எழுதுங்கள்.

வைத்திருக்கும் விதம்

எல்லா வாய்க்கும் மூடி. மூடி தொலைந்தால் புது மூடி வரும் வரை சுத்தமான பாலிதீன் சுற்றி ரப்பர் போடுங்கள், திறந்து மட்டும் விடாதீர்கள். கனெக்டரை மணலில் வைக்காதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சாக்குத்துண்டு கொண்டுபோய் விரித்து அதன் மேல் வையுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கும்போது கிராங்க் செட் திறந்த டிரக்கில் இருந்தால், வேலையே செய்யாத நாளிலும் அது உப்பில் நனைந்திருக்கும். இரவு முடிந்ததும் உலர்ந்த துணியால் குழாய்களின் வெளிப்பக்கத்தையும் இணைப்புகளையும் துடைத்து, அகலமாகச் சுருட்டி ஆணியில் தொங்கவிடுங்கள்.

பதிவேட்டில் தேதி, என்ன பார்த்தீர்கள், கேஜ் முடிவு, சுற்று எண்ணிக்கை, யார் பார்த்தது என்று எழுதுங்கள். பயிற்சியில் இருக்கும் தம்பி “இறுக்கமா இருக்கு” என்று சொன்னால் அதையும் அவர் பெயரோடு எழுதுங்கள், அன்றே அதற்கு என்ன செய்தீர்கள் என்பதோடு. கழித்த கேபிளை மூலையில் போட்டுவைக்காதீர்கள். அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். கனெக்டரை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, கேபிளை முழ நீளத் துண்டுகளாக வெட்டி, ஆர்.எஸ்.ஓ. அளந்து சரி சொன்ன பிறகு வெளியேற்றுங்கள்.